மூன்று வீட்டு மைனர்

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு யோக்கியதை இல்லை. பத்தொன்பது நாளாக உன் போனை எடுக்காதவன் நான்தான். எடுத்திருந்தால் உன் நலம் தானாகத் தெரிந்திருக்கும். இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், அப்பா கல்யாணத்துக்கு வருகிறாரா இல்லையா என்று பார்ப்பாய். தயவுசெய்து அப்படிச் செய்யாதே. மூன்று நாளாக உட்கார்ந்து எழுதியிருக்கிறேன், வரிசையாகப் படி. போனிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று உன் அம்மா கேட்கிறாள். முப்பத்து நாலு வருஷம் கிரைண்டிங் மெஷினுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை இது. நான் போனில் 'சாப்பிட்டியா' என்று கேட்டாலே வம்புக்கு இழுக்கிற மாதிரி இருக்கும். எழுத்தில் என்றால் அந்தச் சத்தம் வராது என்று நம்புகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கும் தெரியும். ஆனாலும் என் கையால் ஒருமுறை எழுதினால்தான் எனக்கு உறைக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வந்தாய். தோசையைப் பிய்த்துக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னாய். யமுனா ஒரே பெண். அவள் அப்பா இடுப்பு எலும்பு முறிந்து ஒரு வருஷமாகப் படுத்திருக்கிறார். நாகரசம்பட்டியில் அந்த மாந்தோப்பை அவள் ஒருத்திதான் பார்க்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு நானும் அங்கேயே இருந்துவிடுகிறேன், அங்கிருந்தே கம்பெனிக்குப் போய் வந்துகொள்வேன். இவ்வளவுதான் நீ சொன்னது. ஒரு வார்த்தையிலும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால்தான் எனக்குக் கோபம் அவ்வளவு வந்தது. என் மகன் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போவதா, நாளைக்குக் கம்பெனி டூல் ரூமில் எந்த முகத்தோடு நிற்பேன் என்று குதித்தேன். டூல் ரூமில் இருக்கிறவர்களுக்கு கேன்டீனில் இன்றைக்குப் போண்டா உண்டா என்பதைத் தவிர வேறு எதைப் பற்றியும் கவலை கிடையாது, அது எனக்கும் தெரியும். முடிவாக, நீ அங்கே போய் இருப்பதானால் கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்காதே என்று சொல்லிவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு பைக்கை எடுத்தாய். மீதித் தோசையை உன் அம்மா மைனருக்குப் போட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் திருப்தியாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

மைனரைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன். அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டதா, கல்யாணப் பேச்சுக்கு நடுவில் நாய் எதற்கு என்று நினைக்காதே. நாய் இல்லையென்றால் இந்தக் கடிதமே இல்லை. அது நம்மிடம் வந்த கதை உனக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால், ராயக்கோட்டை ரோட்டு முக்கில், நான் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற டீக்கடையில் ஒரு கறுப்புக் குட்டி வந்து என் சேஃப்டி ஷூவைக் கடித்தது. இரும்பு வைத்த ஷூ என்று அதற்குத் தெரியவில்லை. பல் வலித்திருக்க வேண்டும், அண்ணாந்து என்னைக் குற்றம் சாட்டுகிற மாதிரி பார்த்தது. பாவமாக இருந்ததால் ஒரு பொறை வாங்கிப் போட்டேன். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்ட மாதிரி ஒரு வெளிர் கோடு இருந்தது, அதனால் மைனர் என்று கூப்பிட்டேன். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் அதே இடத்தில் நிற்கிறது. பின்னாலேயே வீடு வரைக்கும் வந்தது. உன் அம்மா கேட்டைச் சாத்தப் போனாள். நான்தான் திறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமில்லை. காலையில் ஐந்தேகால் ஆனால் மைனர் கேட்டுக்கு வந்து ஒரே ஒரு குரை குரைக்கும். பஸ் பாலத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நான் டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினால் முன்னால் நடக்கும், முக்குக்குப் போய்ச் சேரவும் பஸ் வரவும் சரியாக இருக்கும். ஆறு வருஷத்தில் நான் கடிகாரம் பார்த்ததில்லை. ஒருநாள் சானமாவுக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் ரோட்டில் ஏறி, பஸ் முக்கால் மணி நேரம் தாமதமானது. ஐந்தேகாலுக்கு நான் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறேன், மைனர் படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து வந்து குரைத்தது. இந்த ஒரு கதையை வைத்தே நான் கம்பெனியில் ஒரு வருஷம் ஓட்டினேன். என்னைத் தவிர யாரையும் ஏறெடுத்துப் பார்க்காது, என் கையால் தவிர யார் கையாலும் சாப்பிடாது என்று, கேட்டவனிடமும் சொன்னேன், கேட்காதவனிடமும் சொன்னேன். உன்னிடமும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ ஒவ்வொரு தடவையும் "ஆமாப்பா" என்றாய். அதில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

நான்கு மாதத்துக்கு முன்னால் மைனர் பெருத்துப் போயிற்று. வயிறு உப்பி, நடந்தால் இரண்டு பக்கமும் ஆடியது. எனக்குப் பயமாகிவிட்டது. காலையில் இரண்டு பொறை, மாலையில் இரண்டு பொறை, அதற்கு மேல் நான் கொடுப்பதில்லை, ஏதோ வியாதிதான் என்று ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். அந்த டாக்டர் சின்னப் பையன், உன் வயசுதான் இருக்கும். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலு பொறையில இந்த உடம்பு வராதுங்க. வேற எங்கியோ மெஸ் வெச்சிருக்குது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய படிப்பையே சந்தேகப்பட்டேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். பத்து மைக்ரான் தவறினாலும் விரலால் தடவிக் கண்டுபிடிப்பேன் என்று பேர் வாங்கியவன் நான். அந்தச் சிரிப்பைக் கண்டுபிடிக்கவில்லை.

நீ கோபித்துக்கொண்டு போன பிறகு மைனர் எனக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது. உன் அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். சாதம் வைப்பாள், தண்ணீர் வைப்பாள், 'போதுமா' என்பாள், அவ்வளவுதான். பேச ஆள் இல்லாமல் நான் நாயோடு பேச ஆரம்பித்தேன். மூன்றரை மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து போர்ட்டிகோவில் ஷூவைக் கழற்றுவேன். அது வந்து ஷூவின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். உன்னைப் பற்றிய புகார் எல்லாம் அதனிடம்தான் சொன்னேன். அவன் போனா போறான்டா, பெத்து வளர்த்த அப்பனைவிட நேத்து பார்த்த மாமனார் பெருசாப் போச்சு, நீ ஒருத்தன் இருக்கே எனக்கு, நீ வேற வாசல்ல போய் நிக்க மாட்டே என்று சொல்லியிருக்கிறேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னது உண்மை. அது காதை ஆட்டிக்கொண்டு கேட்டது. ஐந்தரை மணி ஆனால் எழுந்து போய்விடும். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வரப் போகிறது, பொறுப்பான நாய் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் புதன்கிழமை, கடைவாய்ப் பல்லைப் பிடுங்க லீவு போட்டேன். வேலை நாளில் நான் வீட்டில் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். டாக்டர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு மாடிப் படியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் மூன்றாவது வீட்டு மாடி அறையில் நாலு பெண்கள் தங்கியிருக்கிறார்களே, அதில் செல்வி என்று ஒரு பெண். தென்காசிப் பக்கம். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஜெனரல் ஷிஃப்ட். அந்த வீட்டு வாசலில் ஒரு கறுப்பு நாய் போய் நின்று ஒரே ஒரு குரை குரைத்தது. அந்தப் பெண் "வந்துட்டேன் பப்பி" என்று இறங்கி வந்தாள். அவித்த முட்டையை உரித்து அதன் வாயில் வைத்தாள். ஆறு வயசுத் தடிமாடு, அதற்குப் பெயர் பப்பி. அவளுக்கு முன்னால் அதே நடை, அதே வால், முக்கு வரைக்கும் கொண்டுபோய்விட்டது. என் மைனர்.

கஞ்சியைக் கீழே வைத்துவிட்டேன். இருந்தாலும், ஏதோ ஒரு பெண்பிள்ளை, தனியாகப் போகிறாள், துணைக்குப் போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாய் நிறையப் பஞ்சோடு ஒன்றே காலுக்கு ஆட்டோவில் வந்து இறங்குகிறேன். தெருக்கோடி வீட்டு முனிராஜப்பா இருக்கிறாரே, ஃபவுண்டரியில் செகண்ட் ஷிஃப்ட் போகிறவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், அவர் ஒரு கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசலை விட்டு இறங்குகிறார். முன்னால் மைனர். மோவாயெல்லாம் ராகிக் களி. "நடி கரியா" என்று அவர் கன்னடத்தில் சொல்ல, அது நடக்கிறது. நான் மைனர் என்று கூப்பிட்டேன். பஞ்சு அடைத்த வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. ஆனாலும் அது திரும்பிப் பார்த்தது. என்னைத் தெரிந்துகொண்டு வாலை இரண்டு தடவை ஆட்டியது. வேலையில் இருக்கிறேன், பிறகு பார்க்கலாம் என்கிற மாதிரி அவரோடு முக்குக்குப் போய்விட்டது. ஆட்டோக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே நின்றார்.

உன் அம்மாவிடம் வந்து, கையாலும் கண்ணாலும் விளக்கினேன். பஞ்சு இருந்ததால் நான் பேச முடியாத நேரம் பார்த்து அவள் பேசினாள். நாய் சாயங்காலம் ஐந்தரைக்கு எழுந்து போவது செல்வியின் பஸ்ஸை எதிர்கொள்ளத்தானாம். நடுராத்திரி முனிராஜப்பா ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகுதான் அது படுக்குமாம். மூன்று வருஷமாக இப்படித்தானாம். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று சைகையில் கேட்டேன். "தெருவுக்கே தெரியும். உங்க மகனுக்கும் தெரியும். உங்களுக்கு மட்டுந்தான் தெரியாது. சொன்னா தாங்க மாட்டீங்கன்னு யாரும் சொல்லல" என்றாள். தம்பி, பல் பிடுங்கிய வலியைவிட அது அதிகமாக வலித்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, மாத்திரை போட்டும் அது நிற்கவில்லை.

எனக்கு இந்த வியாதி புதிது இல்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷம், ஆடி மாதத்துக்கு உன் அம்மாவைக் காவேரிப்பட்டினத்திலிருந்து வந்து அழைத்துப் போனார்கள். நாலாம் நாளே நான் கம்பெனி வேலையாக அந்தப் பக்கம் வந்தேன் என்று பொய் சொல்லிக்கொண்டு போய் நின்றேன். டூல் ரூம்காரனுக்குக் காவேரிப்பட்டினத்தில் என்ன கம்பெனி வேலை என்று உன் தாத்தா கேட்கவில்லை, மரியாதை தெரிந்த மனுஷர். உள்ளே உன் அம்மா தங்கைகளோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை நம் வீட்டில் நான் கேட்டதே இல்லை. அவள் சந்தோஷமாக இருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நானோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அந்தச் சாப்பாட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு இருந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன் நீ. யமுனா அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து உனக்குப் புரியாத ஏதோ பழைய கதைக்குச் சிரித்தால், நீயும் கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிடு. என்னைப் போல எழுந்து வராதே.

சரி, நாய்க்கு வருகிறேன். நான் செய்த காரியத்தைக் கேள். அன்று சாயங்காலமே வீங்கின கன்னத்தோடு பஜாருக்குப் போய் ஒரு தோல் பெல்ட்டும் இரும்புச் சங்கிலியும் வாங்கி வந்தேன். மறுநாளும் லீவு சொல்லிவிட்டேன். காலையில் மைனர் வழக்கம் போல ஐந்தேகாலுக்கு வந்து குரைத்தது. உள்ளே கூப்பிட்டேன், வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. கழுத்தை நீட்டிக் கொடுத்தது, அதை என்னால் மறக்க முடியவில்லை. போர்ட்டிகோத் தூணில் கட்டினேன். எட்டு மணிக்கு, செல்வியின் பஸ் பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும், மைனர் எழுந்து கேட்டைப் பார்த்து இழுத்தது. சங்கிலி நிறுத்தியது. அது குரைக்கவில்லை. ஊளையிட்டது. அந்தப் பெண் ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் ஒரு கையில் முட்டையுமாக முக்குக்குப் போகாமல் நம் வீட்டு கேட்டுக்கு ஓடி வந்தாள். நாய்க்கு அடிகிடி பட்டுவிட்டதோ என்று பயந்திருக்கிறாள். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, முக்கில் அவள் பஸ் வந்து நின்று போகிற சத்தம் கேட்டது.

நான் விறைப்பாக, இது என் நாய், ஆறு வருஷமாக வளர்க்கிறேன், தடுப்பூசி அட்டைகூட இருக்கிறது என்றேன். தன்னிடமும் ஒரு அட்டை இருப்பதாகச் சொன்னாள். போன மாசி மாதம் ஊசி போட்டாளாம். முனிராஜப்பாவும் ஒரு அட்டை வைத்திருக்கிறார் என்று மத்தியானம் தெரிந்தது. ஒரு நாய், மூன்று பெயர், மூன்று ஊசி. அதுவும் போய் மூன்று தடவையும் வாய் திறக்காமல் குத்திக்கொண்டு வந்திருக்கிறது. செல்வி சண்டை போடவில்லை. முட்டையை கேட் கம்பிக்கு நடுவே விட்டாள், அது மோந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க நாய்னா வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஊர விட்டு வந்து மூணு வருஷமாச்சு. காலைல எனக்குன்னு வாசல்ல வந்து நிக்கது அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதப் போவதில்லை.

அப்போதாவது அவிழ்த்திருக்கலாம். வீம்பு விடவில்லை. ஒன்றே காலுக்கு மறுபடியும் ஊளை. முனிராஜப்பா களிக் கிண்ணத்தோடு வந்து நின்றார். அவருடைய பஸ்ஸும் போயிற்று. நம் தெருவில் ஒரே நாளில் இரண்டு பேரை பஸ்ஸைத் தவறவிட வைத்த பெருமை எனக்குத்தான். "ஏனண்ணா இது" என்றார். சங்கிலியைப் பார்த்தார். "கட்டிப் போட்டா காவலுக்கு இருக்கும்ணா. கூட வராது" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்குப் போனார்.

மைனர் களியைத் தொடவில்லை. என் பொறையையும் தொடவில்லை. பஜாரில் பெல்ட்டோடு வாங்கிய, பாக்கெட்டில் வெள்ளைக்கார நாய் படம் போட்ட பிஸ்கட்டையும் தொடவில்லை. என் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. நான் ஷூவைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தேன். தலையைத் தூக்கி ஷூவுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டது. இதுவரைக்கும் அது என்னிடம் கேட்டது என்ன? இரண்டு பொறை, கொஞ்சம் பேச்சு, ஷூவின் மேல் தாடை வைக்க இடம். அதற்குப் பதிலாக ஆறு வருஷம் ஒருநாள் தவறாமல் விடியற்காலையில் எனக்கு முன்னால் நடந்திருக்கிறது. செல்விக்கு நடந்ததால் என் நடையில் ஒரு அடி குறைந்ததா? முனிராஜப்பாவின் களியைத் தின்றதால் என்னைப் பார்த்து ஆட்டுகிற வால் சுருங்கியதா? எனக்கு வந்து சேர வேண்டியதெல்லாம் முழுசாக வந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த வீட்டுக்கும் போகிறது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்துதான் எனக்குக் குறைவாகத் தெரிந்தது. உன்னை ஒரு நாயோடு ஒப்பிடுகிறேன் என்று வருத்தப்படாதே. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. உன்னைத்தான் கட்டிப் போட்டிருக்கிறேன் என்று தோன்றியது. கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று நான் சொன்னது அந்தச் சங்கிலிதான்.

ஐந்தரைக்கு அதன் காது நிமிர்ந்தது. அவிழ்த்துவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாலரைக்கே எழுந்து ஷூ போட்டுக்கொண்டு போர்ட்டிகோவில் உட்கார்ந்தேன். ஐந்தேகாலும் ஆயிற்று, குரை இல்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். நாலு வீடு தள்ளி, மின்கம்பத்துக்குப் பக்கத்தில் மைனர் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, வாலை ஆட்டி, எப்போதும் போல முன்னால் நடந்தது. டீக்கடையில் பொறை போட்டேன், தின்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனேன். சாயங்காலம் என்னோடு தெரு வரைக்கும் வந்தது. நம் கேட் வந்ததும் நின்றுவிட்டது. கூப்பிட்டேன், கெஞ்சினேன். வாலை ஆட்டுகிறது, உள்ளே மட்டும் காலை எடுத்து வைக்க மாட்டேன் என்கிறது. சங்கிலியைத் தூக்கி எறிந்தாயிற்று. பெல்ட்டை அதன் கண் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டேன். ஒரு வாரம் ஆகிறது. தினமும் கேட் வரைக்கும் வருகிறது, அங்கேயே படுத்துக்கொள்கிறது. நான் இப்போது ஷூவை கேட்டுக்கு வெளியே கழற்றி வைக்கிறேன். தெருவில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை உன் அம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். இத்தனை பாசமாக இருந்துவிட்டு வாசல் வரைக்கும் வந்து உள்ளே வராமல் போகிறதே, எப்படி மனசு வருகிறது அதற்கு என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள். "அவனுந்தான் ஞாயித்துக்கெழமை ஓசூர் வந்தான். பஸ் ஸ்டாண்டுல வெச்சு எங்கிட்ட பத்திரிகையக் குடுத்துட்டு, அப்படியே திரும்பிட்டான். வாடா வீட்டுக்குன்னு கூப்பிட்டேன். அப்பா இருப்பாரேம்மா-ன்னான்."

அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் நீ நம்ப மாட்டாய். சாப்பிட்டேன். ஆனால் சாப்பிட்டது என்ன என்று கேட்டால் தெரியாது. இத்தனை தூரம் வந்துவிட்டு, நம் வீட்டுக்குப் பத்து நிமிஷத் தூரத்தில் நின்று, நீ திரும்பிப் போயிருக்கிறாய். பிறந்து வளர்ந்த வீடு. உன் உயரத்தை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் பென்சிலால் கோடு போட்ட சுவர் உள்ள வீடு. அதற்குள் வர உன்னைப் பயப்படுத்தியவன் நான். தம்பி, தப்பு என்னுடையது. அதில் உனக்குப் பங்கு இல்லை, யமுனாவுக்கு இல்லை, படுத்திருக்கிற அந்த மனுஷருக்கு நிச்சயமாக இல்லை. படுத்த படுக்கையாக இருக்கிற ஒருத்தரிடமிருந்து பெண்ணைப் பிரித்து ஓசூருக்குக் கூட்டி வா என்று சொல்ல நினைத்த நான், என் மகன் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கப் போகிறான் என்று குதித்தேன்.

நீ நாகரசம்பட்டியிலேயே இரு. தோப்பைப் பார், மாமனாருக்குக் கையைக் கொடுத்து எழுப்பி உட்கார வை. என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார். அவர்கள் சமைத்துப் போடுவதை வயிறார உண்டு கொஞ்சம் பெருத்துப் போ, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். கல்யாணத்துக்கு நான் வருகிறேன். வருகிறேன் என்று சொல்வதே எனக்கு வெட்கமாக இருக்கிறது, எங்கேயாவது மகன் கல்யாணத்துக்கு அப்பன் வருகிறேன் என்று எழுதித் தெரிவிப்பானா.

வாசல் வரைக்கும் வந்து நிற்கிற நாயை உள்ளே வா உள்ளே வா என்று கூப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை. அதனால் உன்னை நான் கூப்பிடப் போவதில்லை. இந்தத் தபால் வந்து சேர நாலு நாள் பிடிக்கும், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் உன் அம்மாவும் நாகரசம்பட்டிக்கு வருகிறோம். உன் அம்மா நேரே உள்ளே போய் யமுனாவின் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு என்ன. நான் உன் மாமனார் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்பேன். நீ வந்து கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா